இலைக்குள் இருந்தவனின் எடை

கண்ணு, ஆவணி பிறந்தால் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் மாப்பிள்ளையும் அஸ்ஸாம் பக்கம் கிளம்பிவிடுவீர்கள். அங்கே அளக்க வேண்டிய காடு ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது என்கிறாய். காடு எங்கேயும் ஓடிப்போகாது, ஒரு மாதம் கழித்துப் போனால் என்ன என்று உன் அம்மா கேட்கிறாள். அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன். கேட்டால் மழை, ஈரம், இலை உதிரும் காலம் என்று நீ வரிசையாக ஆரம்பிப்பாய். எனக்குக் கொட்டாவி வரும், அதைப் பார்த்து உனக்குக் கோபம் வரும். அதைவிட, சொல்ல வேண்டியதை எழுதிவிடுவது நல்லது. ஆடி மாதத்தில் எடைமேடைக்கு வண்டி வரத்து குறைவு. காற்றுதான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எழுத நேரம் இருக்கிறது.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லியே என்னை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ‘நீ எப்பிடிய்யா இதுக்கு ஒத்துக்கிட்ட?’ என்று கேட்காத சொந்தக்காரர் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவரும் மிச்சமில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இதை நீ படித்து முடித்ததும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. பெரியப்பாவுக்கு முதலில் காட்டு. அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகக் காட்டு. ஏனென்றால் அவள் அழுததால்தான் நான் சம்மதித்தேன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய், அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெருமையைச் சட்டென்று பிடுங்க எனக்கு மனமில்லை. அவள் அழுதது உண்மைதான். ஆனால் நான் சம்மதித்த காரணம் வேறு. அதில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வளர்ந்தது பாதி வீட்டில், பாதி எடைமேடையில். குச்சிக்கிழங்கு லாரியும் புளி மூட்டை ஏற்றிய டெம்போவும் வரிசையில் நிற்க, நீ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மடியில் உட்கார்ந்து சிவப்பு எழுத்தில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாய். எண்ணைப் படிக்க நீ பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. பாரத்தோடு ஒரு எடை, இறக்கியபின் வெறும் வண்டிக்கு ஒரு எடை, இரண்டையும் கழித்தால் சரக்கு. இவ்வளவுதான் என் தொழில். இதில் ஏமாற்றுகிறவன் எங்கே ஏமாற்றுவான் என்பதும் உனக்குத் தெரியும். பாரத்தோடு நிற்கும்போது உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வண்டி வரும்போது ஒருவர் டீ குடிக்கப் போயிருப்பார். டீ குடிக்கப் போனவரும் கிழங்குக் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதற்காகத்தான் நான் ஒவ்வொரு வண்டிக்கும் தலையை வெளியே நீட்டி ‘ஆள் எறங்கியாச்சா?’ என்று கத்துவேன். தூக்கத்திலும் கத்துகிறேன் என்று அம்மா சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன், ஆனால் இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

நீ காட்டுப் படிப்பு படிக்கப் போகிறேன் என்றபோது பெரியப்பா, ‘பொண்ணுக்கு எதுக்குடா காடு?’ என்றார். அவர் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது புரிய வேண்டும் என்பதற்காக, உன் வேலை என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். காற்றில் இருக்கும் கரியை மரம் இழுத்துக் கட்டையாகவும் கிளையாகவும் வேராகவும் கட்டி வைத்துக்கொள்கிறது. ‘கரின்னா புகையா, அடுப்புக்கரியா?’ என்று நான் கேட்டேன். ‘ரெண்டும் ஒண்ணுதாம்பா, எங்க இருக்குதுங்கறதுதான் வித்தியாசம்’ என்றாய். எந்தக் காடு எவ்வளவு கட்டி வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மரத்தின் எடை தெரிய வேண்டும். நிற்கிற மரத்தை எப்படி எடை போடுவது? சில மரங்களை நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்து, உயரம் அளந்து, பிறகு வெட்டி, உண்மையாகவே எடை போட்டுப் பார்க்க வேண்டும். அதிலிருந்து துண்டு எடுத்து உலர்த்தி ஈரத்தைக் கழிக்க வேண்டும். இந்தச் சுற்றளவுக்கு இந்த எடை என்று ஒரு கணக்கு அதிலிருந்து கிடைத்துவிட்டால், அதற்குப்பின் மலை முழுவதையும் வெறும் டேப்பால் எடை போடலாம், ஒரு இலையைக்கூடக் கிள்ள வேண்டாம். சில மரத்தைச் சாகடித்துத்தான் மற்ற மரத்தைப் பற்றிச் சொல்ல முடியும் என்று நீ சொன்னபோது உன் குரல் இறங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது.

நல்ல காலமாக, நீ யாரையும் வெட்டச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்தேரி மலைச்சரிவில் மின்கம்பி போவதற்காக அனுமதி வாங்கி ஒரு பட்டையாக மரம் வெட்டினார்கள். அந்தப் பட்டை மூன்று வெவ்வேறு வயதுக் காடுகளின் வழியாகப் போனது உனக்கு அதிர்ஷ்டம். கீழே, ஒரு காலத்தில் சாமை விதைத்துப் பிறகு கைவிட்ட நிலத்தில் தானாக முளைத்த உசிலை, வெப்பாலை. அது இளங்காடு. நடுவில், வனத்துறை நட்டு வளர்த்த மரங்கள். மேலே ஓடைப்பக்கம், யாரும் நடாத, யாருக்கும் வயது தெரியாத பழங்காடு. எப்படியும் விழப்போகிற மரம், எடை தெரியாமல் விழக்கூடாது என்று நீ ஓடினாய். கொண்டுவந்த தொங்கு தராசு இரண்டாவது நாளே கொக்கி முறிந்து உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் உனக்கு அப்பன் ஞாபகம் வந்தது. ‘உங்க மேடை லாரிக்குத்தாம்பா, சின்ன மரத்துக்குச் சரியா வருமா?’ என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. ‘அஞ்சு கிலோவுக்கு மேல எது ஏறுனாலும் என் மேடைக்குத் தெரியும். என் மேடை பொய் சொல்லாது’ என்றேன். மார்தட்டிச் சொன்னேன் என்றே வைத்துக்கொள்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் நம் மேடையில் மரங்கள் வந்து நின்றன. பெரிய கட்டைகளுக்கு டிராக்டர், சின்ன மரங்களுக்குக் குட்டியானை டெம்போ. உன்னோடு வேலை செய்ய வந்தவர்களில் ஒருவன் மாதேஷ். பென்னாகரம் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பம், வீட்டில் கன்னடம், உன்னைப் போலவே மரம் படித்தவன். என்னை ‘சார்’ என்று கூப்பிட்டான். நீ அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிய விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. லாரி வருகிற தினுசை வைத்தே பாரம் எவ்வளவு என்று சொல்கிறவனுக்கு இது தெரியாதா? அன்றிலிருந்து குட்டியானை ஓட்டுகிறவருக்கு மட்டும் டீ சொன்னேன், அவனுக்குச் சொல்லவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அம்மா ஒருநாள், ‘அந்தப் பையன் தலையில அரப்பு வாசம் அடிக்குதுங்க, சனிக்கிழமைகூட இல்லியே’ என்றாள். உசிலை இலையை அரைத்தால் எண்ணெய்க் குளியலுக்குத் தேய்க்கிற அரப்பு, ஏற்றி இறக்குகிறவன் தலையில் இலை ஒட்டாமல் என்ன செய்யும் என்று நான் சொன்னேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

தை மாதம் நீ வாயைத் திறந்து சொன்னாய். நான் முடியாது என்றேன். ஆளுங்களும் வேற, பேச்சும் வேற, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள் என்று கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘அவர உங்களுக்குத் தெரியாதுப்பா’ என்று மட்டும் சொன்னாய். தெரியாதுதான். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

மாசியில் உன் கணக்கு முடிந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, கோபத்தையும் மறந்து, எடைமேடைக்கே ஓடிவந்தாய். ‘அப்பா, எளங்காடு எல்லாரும் நெனச்சதவிட ரொம்பக் கனமா இருக்குதுப்பா!’ என்றாய். புள்ளி புள்ளியாக ஒரு படம் காட்டினாய். உன் பேராசிரியர் குதிக்கிறார், பெரிய கூட்டத்தில் நீயே இதைப் பேசப் போகிறாய் என்றாய். என் மேடையில் நின்ற மரம் கூட்டத்தில் பேசப்படப் போகிறது என்று அன்றைக்கு வந்த ஒவ்வொரு டிரைவரிடமும் சொன்னேன். டீக்கடையில் மரவியாபாரி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ‘அப்ப நல்லதாப் போச்சுங்க. பழைய காட்ட வெட்டிட்டுப் புதுசா வெச்சுட்டா கணக்குக்கு அதுவே போதுமே’ என்றார். நீ அங்கேயே நின்று அவரோடு சண்டைக்குப் போனாய். பழைய வேங்கை மரம் ஒன்று வைத்திருக்கும் கரியைச் சேர்க்க இந்தச் சின்ன மரங்களுக்கு ஆயுசு முழுக்க ஆகும் என்றாய். ‘உங்க கணக்கு அப்பிடிச் சொல்லலியேம்மா’ என்றார் அவர். நீ மடிக்கணினியை மூடிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு உன் முகம் வாடியதைப் பார்த்தது நான் மட்டும் இல்லை. டீக்கடைக்கு எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு மாதேஷும் நின்றிருந்தான்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. இனி உனக்குத் தெரியாதது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அவன் தனியாக வந்தான். கல்யாணப் பேச்சுதான் எடுக்கப் போகிறான், வாசலோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று நான் தயாராக உட்கார்ந்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, ‘சார், மேடையில என்னைய மட்டும் எடை போட முடியுங்களா?’ என்றான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். இருந்தாலும், பைத்தியக்காரன் கேட்டாலும் எடை எடைதானே என்று ஏறச் சொன்னேன். பாரம் ஏற்றிய பெரிய லாரி நிற்கிற மேடை நடுவில் ஒற்றை ஆளாய் நின்றான். எண் அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் முடிவு பண்ண முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. என் மேடைக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

இறங்கி வந்து அவன் விஷயத்தைச் சொன்னான். உசிலைக் கிளை ஏற்றினால் அடங்காது, மெத்தை மாதிரி எம்பிக்கொண்டே இருக்கும். மலை வளைவில் வண்டி திரும்பும்போது சரிந்து விழும். விழுந்தால் எடையில் குறைந்துவிடும் என்று, அவன் பாரத்தின் நடுவில் ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். மேடையில் நிற்கும்போதும் பிடித்த கயிற்றை விடவில்லை. விட்டால் கிளை சரியும். ‘ஆள் எறங்கியாச்சா?’ என்று நான் கத்தியது முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டானாம். இலைக்குள் அவன் இருந்தது உள்ளே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை, முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்த உனக்கும் தெரியவில்லை. வண்டி மேடைக்குப் பின்பக்கம் போனதும் மரத்தை இறக்குவான், அவனும் இறங்குவான். வெறும் வண்டி திரும்ப வந்து நிற்கும். கழித்தால் மரத்தோடு அவனும் சேர்ந்து வருவான். பழங்காட்டுக் கட்டைக்குச் சங்கிலி போதும், யாரும் மேலே உட்கார வேண்டியதில்லை. அதனால் கனம் கூடியது இளங்காட்டுக்கு மட்டும். என் மேடை பொய் சொல்லவே இல்லை, பார்த்தாயா. மேலே இருந்ததைச் சொல்லியது.

‘அப்பவே ஏன் சொல்லல?’ என்றேன்.

‘அப்ப எனக்குத் தோணவே இல்லீங்க சார். நேத்து அவங்க படத்தப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எளங்காட்டுப் புள்ளி மட்டும் இருக்க வேண்டிய எடத்துக்கு மேல நிக்குது. மரம் சின்னதோ பெருசோ, நெறையப் புள்ளி ஒரே அளவு மேல ஏறி நிக்குது. எல்லாத்துலயும் ஏதோ ஒரே கனம் கூட வந்திருக்குதுன்னு பட்டுது. அது என்னான்னு யோசிச்சா…’ என்று நிறுத்தினான். ‘நான்தாங்க.’

‘சரி, தெரிஞ்சுபோச்சில்ல? அறுபத்துச் சொச்சம் கழிச்சுட்டுப் போ’ என்றேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

‘கழிக்க முடியாதுங்க. எந்த நடையில மேல ஏறுனேன், எதுல பைக்குல பின்னாடி வந்தேன்னு எனக்கு உறுதியாத் தெரியல. ஒண்ணு ரெண்டுல கூட வேல செஞ்ச இன்னொருத்தரும் ஏறியிருக்காரு. ஞாபகத்த வெச்சுக் கழிச்சா அது இன்னொரு தப்புங்க. முழுசா மறுபடியும்தான் எடை போடணும். எவ்ளோ பெரிய தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு அவங்ககிட்டப் போலாம்னு வந்தேன்.’

அப்போதும் நான் அவனை விடவில்லை கண்ணு. உன் அப்பன் லேசுப்பட்டவன் இல்லை. நல்லவன் என்று பேர் வாங்க என்னிடம் வந்திருக்கிறானோ என்று சந்தேகம். ‘பாப்பாவுக்கு இன்னும் தெரியாதில்ல? கூட்டத்துல பேசப்போறா, எல்லாரும் கை தட்டுவாங்க. சும்மா வுட்டுட்டா யாருக்குத் தெரியப்போவுது?’ என்று தூண்டில் போட்டேன்.

அவன் யோசிக்கக்கூட இல்லை. ‘அவங்க எங்க போனாலும் இந்தக் கணக்கத்தான சார் எடுத்துக்கிட்டுப் போவாங்க? அன்னிக்கு டீக்கடையில அவர் கேட்டதுக்கு அவங்ககிட்டப் பதில் இல்ல. உண்மையில பதில் இருக்குது. நான் மேல உக்காந்து மறைச்சுட்டேன்’ என்றான். போகும்போது ஒரே ஒரு உதவி கேட்டான். அவன் முதலில் இங்கே வந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது, அவனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்றான். அன்றைக்கு அவனுக்கு டீ சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியாது. நீ வந்து பையைத் தூக்கி எறிந்தாய். ‘ஒரு முட்டாள் என் மரத்து மேல ஏறி உக்காந்துட்டு வந்திருக்கான்’ என்றாய். சோறு வேண்டாம் என்றாய். அம்மா பயந்துபோய், என்ன மரம், எங்கே விழுந்தான், அடி பட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கொல்லைப்பக்கம் போய், பம்புசெட் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் பேசுவது தள்ளிப்போனது, பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை, நீ அவனோடும் பேசவில்லை. எனக்கு வேண்டாத சம்பந்தம் தானாக உடைகிறது, நான் சும்மா இருந்தாலே போதும். ஆனால் இருக்க முடியவில்லை. தொழில் கெடுத்த புத்தி. எடையில் தனக்குச் சாதகமாக இருந்ததைத் தானே வந்து இறக்கி வைத்தவனை, இத்தனை வருஷத்தில் என் ஜன்னலுக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை.

சித்திரையில் மின்கம்பிப் பட்டையின் மிச்சத்தை வெட்ட ஆரம்பித்தார்கள். நீ மறுபடியும் கிளம்பினாய், நானும் வருகிறேன் என்று மேடையை உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு மலையேறியதும் உனக்கு ஆச்சரியம். வைக்கோல் பாரம் கட்டுகிற மாதிரி உசிலையைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் காட்டினேன். ஒரு கிளை எம்பவில்லை. வண்டியில் டிரைவரைத் தவிர ஈ எறும்புகூட ஏறக் கூடாது என்று நீ உத்தரவு போட்டாய். மாதேஷின் பைக் அன்றைக்குப் பழுதாகிக் கிடந்தது. கீழே போக வேறு வண்டி இல்லை, உன்னிடம் கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. முதல் நடைக்கு நான் டிரைவருக்கு முன்னாலேயே என் பைக்கில் இறங்கி வந்து மேடையில் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன்னையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். குட்டியானை வந்து மேடையில் ஏறியது. பச்சைப்பசேலென்று இலைக் குவியல். நான் பழக்கதோஷத்தில் தலையை நீட்டி ‘ஆள் எறங்கியாச்சா?’ என்று கத்தினேன்.

ரோட்டு வளைவில் இருந்து பதில் வந்தது. ‘நான் வண்டியிலயே இல்லீங்க மாமா!’

திரும்பிப் பார்த்தால், மலையிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி, வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, மூச்சு இரைக்கிறது, இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறான், நான் இங்கே இருக்கிறேன், பாருங்கள் என்று. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் நீ சிரித்தாய். நான் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன். அதுவரைக்கும் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டவன் ‘மாமா’ என்று கூப்பிட்டது அவனுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டியவன் கொஞ்ச நேரம் எண்ணையே பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ‘அப்பா, எவ்ளோப்பா?’ என்று நீ இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. நான் சம்மதித்தது அந்த இடத்தில். வீட்டில் சொன்னது வைகாசியில், அம்மா அழுத பிறகு. அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிய கணக்கில் இளங்காடு இறங்கி, தன் வயதுக்கு உரிய எடைக்கு வந்து நின்றது. பழங்காடு எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. இளசு வேகமாகச் சேர்க்கிறது, பழசு நிறைய வைத்திருக்கிறது, ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்ட முடியாது என்று அதே டீக்கடையில் அதே வியாபாரியிடம் நீ சொன்னாய். ‘இதத்தான எங்க தாத்தன் காலத்துலேருந்து சொல்றாங்க’ என்றார் அவர். ஆச்சரியமான முடிவு கைவிட்டுப் போனதில் உனக்குக் கொஞ்சம் வருத்தம் என்று தெரியும். வருத்தப்படாதே. ஊரே அறிந்த ஒன்றை எடைபோட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீ. எனக்கு அதில் இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கல்யாணத்துக்கு முன் அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான், அதிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குள் சண்டை வரும். உன் அம்மாவுக்கும் எனக்கும் வராததா? ஒரு சண்டையை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. நாலைந்து சண்டை ஆனபிறகு, எல்லாவற்றிலும் ஒரே கனம் கூட வந்திருக்கிறதா என்று பார். வந்திருந்தால் அது நீயாகவும் இருக்கலாம். நானும் பெரியப்பாவும் வாய்க்கால், வரப்பு, கிணறு என்று போட்ட சண்டையை எல்லாம் இந்தக் கோடையில் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். விஷயம் ஒவ்வொன்றிலும் வேறு. எல்லாவற்றிலும் இலைக்குள் உட்கார்ந்திருந்தது என் வாய். பெரியப்பா இதைப் படித்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், அவர் கனமும் கொஞ்சம் உண்டு. இன்னொன்று, யார் சொன்ன சொல்லையும் ஈரத்தோடு எடை போடாதே. காயட்டும். பச்சை மரத்தில் பாதி தண்ணீர்தான் என்று நீதானே சொன்னாய்?

பென்னாகரத்துக்கு நான் போய்வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் மாமியார் வாசலிலேயே ‘ஊட்ட ஆய்த்தா?’ என்று கேட்டார்கள். சாப்பிட்டாச்சுங்க என்று தமிழில் சொன்னேன், அதற்குப் பிறகும் தட்டு வந்தது. களியும் கோழிக் குழம்பும். உன் மாமனார் அதிகம் பேசவில்லை. பட்டியிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்து, ‘எவ்ளோ இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்’ என்றார். சொன்னேன். அவர் ஒன்று சொன்னார். தராசில் வைத்தபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ‘நீங்க லாரிக்காரருங்க’ என்று சமாதானம் சொன்னார். ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள் என்று தையில் நான் கத்தியதற்கு, எனக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. பேச்சு வேறாக இருந்தால் என்ன, எனக்கும் அவருக்கும் பேசப் போதுமான விஷயம் இருக்கிறது. நீ அந்த வீட்டில் நன்றாக இருப்பாய். இதை நான் ஆசையில் சொல்லவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா பந்தக்கால் நட வருவதாக நேற்று ஆள் சொல்லியனுப்பினார். காலுக்குக் கிளை வெட்டும்போது நீ டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றளவு அளக்க வந்து நிற்காதே, சொந்தபந்தம் சிரிக்கும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. கல்யாணம் முடிந்து நீங்கள் கிளம்புகிற அன்றைக்கு, மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போகிற கார் நம் மேடை வழியாகப் போகட்டும். மேல் ஏறி ஒரு நிமிஷம் நிற்கட்டும். நான் உள்ளே ஜன்னலில்தான் இருப்பேன். வழியனுப்ப ஸ்டேஷன் வரை என்னால் வர முடியாது, வந்தால் உன் அம்மாவுக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன், பிறகு அவள் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாள். கார் வந்து நின்றதும் நான் பழக்கத்தில் தலையை நீட்டி ‘ஆள் எறங்கியாச்சா?’ என்று கத்துவேன். மாப்பிள்ளை அவசரப்பட்டுக் கதவைத் திறக்கப் போகிறார், கையைப் பிடித்துக்கொள். அன்றைக்கு யாரும் இறங்க வேண்டாம். இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருங்கள்.